பலகைப் பன்றி

அம்மா துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட வருஷம், அவளுக்குப் பன்றி இழுத்துக் கொடுத்தது நான்தான்.

அப்பா பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து மலேயாவுக்குப் போயிருந்தார். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வ. புதுப்பட்டியில் மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அம்மா அதில் சீனிக்கிழங்கு போட்டிருந்தாள். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில் காலைக்கும் ராத்திரிக்கும் எங்களுக்கு அதுதான் சாப்பாடு. மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகளுக்கும் அதே யோசனை இருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டிருக்கும்.

வீட்டில் அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அதுவரை அம்மா அதைத் துடைத்து எண்ணெய் போட்டதோடு சரி. மிச்சமிருந்த தோட்டாக்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். சண்டைக் காலத்தில் கடையிலும் கிடையாது. அதனால் தோட்டா இல்லாமலே சுடக் கற்றுக்கொள்வது என்று அம்மா முடிவெடுத்தாள். சாயங்காலமானால் நீளக் கயிற்றின் ஒரு முனையில் பனைமட்டை, மறு முனையில் நான். மட்டை தரையில் குதித்துக் குதித்து அம்மாவுக்கு முன்னால் போகும். அம்மா விசையை அழுத்தி, வாயால் "டப்" என்பாள். பிறகு தீர்ப்பையும் அவளே சொல்வாள்.

"வாலுக்குப் பின்னால போயிட்டு, ஏட்டி. திரும்ப ஓடு."

பனைமட்டைக்கு வால் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வாயாடாமல் ஓடச் சொல்வாள். பட்டுவிட்டது என்று ஒரு நாளாவது பொய் சொல்லி என்னை விட்டுவிடக் கூடாதா என்றிருக்கும். அம்மா சொல்லவே மாட்டாள். இருட்டி, மட்டை கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் எனக்கு விடுதலை.

டிரைவர் பொஞ்சாதி வாயாலேயே பன்னி சுடுகிறாள் என்று தெருவே சிரித்தது. மாதா கோயில் உபதேசியார் வீடு தேடி வந்து, பொம்பளை துப்பாக்கி தூக்குவது வேதத்தில் எங்கேயும் இல்லை என்றார்.

"சீனிக்கிழங்கும்தான் வேதத்துல இல்ல. அவிச்சு வச்சா திங்கியள்லா?" என்றாள் அம்மா.

ஒரு நாள் விடியும் நேரத்தில் நிஜமாகவே வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கொழுத்த பன்றி ஒன்று பாத்தியிலேயே சாய்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்க்காமல், அது கிளறிப் போட்ட கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறியைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தோம். கொழுப்பாகப் பார்த்துப் போடச் சொல்லி உபதேசியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

கறி வாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. லைசென்ஸ்காரர் ஊரில் இல்லாதபோது துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று தலையாரி வந்து சொன்னார். அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினாள்.

"குடுக்கதுக்குப் போகல. எம் பேருக்கு லைசென்ஸ் கேக்கப் போறேன்" என்றாள்.

ஆபீஸ் குமாஸ்தா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு யுத்த நிதிக்காக மைதானத்தில் ரைபிள் போட்டி நடந்தது. சப் கலெக்டர் துரையே வந்திருந்தார். "போயி அவர் முன்னால சுட்டுக் காட்டு. துரை சரின்னா எனக்கென்ன?" என்றார் குமாஸ்தா. ஆளை விரட்டத்தான் அப்படிச் சொன்னார். அம்மா நேரே மைதானத்துக்கு நடந்தாள்.

அங்கே பலகையில் வெட்டிக் கறுப்படித்த ஒரு பன்றி சின்னச் சக்கரங்களின் மேல் நின்றது. விலாவில் வெள்ளை வட்டம். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி இழுக்க அது குறுக்கே ஓடும். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் சொந்த ரைபிளோடு வந்திருந்தார். பன்றி வேட்டைக்கென்றே நாய்கள் வளர்ப்பவராம். அவருடைய குண்டு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. அதற்கே பலத்த கைதட்டல்.

அம்மா முன்னால் போய் நின்றதும் ஒரே சிரிப்பு. பட்டாளத்தான் பெண்டாட்டி என்று யாரோ சொல்ல, துரை ஒரு போலீஸ் ரைபிளைக் கொடுக்கச் சொன்னார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பலகைப் பன்றி ஓடியது. ரைபிள் வெடித்த அதே நேரத்தில் பழக்க தோஷத்தில் அம்மா வாயாலும் "டப்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பன்றியைத் திருப்பி இழுத்து வந்து பார்த்தார்கள். வட்டத்துக்கு நடுவே ஓட்டை.

குருட்டு அதிர்ஷ்டம் என்றார் ஒருவர்.

"திரும்ப ஓட்டுங்க" என்றாள் அம்மா.

அடுத்த குண்டும் முதல் ஓட்டையை ஒட்டியே பாய்ந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோப்பை என்னவோ மில் முதலாளிக்குத்தான் போனது. அம்மா முறைப்படி பேர் கொடுக்கவில்லையாம். ஆனால் துரை குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இந்த அம்மாளுக்கு லைசென்ஸ் எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்ப ஆபீஸுக்குப் போனதும் குமாஸ்தா மரியாதையாகப் பேசினார். "ஒரு துப்பாக்கிக்கு ஒரு பேருலதான் லைசென்ஸ். ஒங்க வீட்டுக்காரர் இனிமே திரும்பி வர மாட்டார்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. இப்பவே ஒங்க பேருக்கு மாத்திருதேன்."

அம்மா பேனாவை வாங்கினாள். செத்த நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, சேலைத் துணியைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அவிய துப்பாக்கி. அவியளே வந்து வாங்கிக்கிடுவாவ. துரு ஏறாம எண்ணெய் போட்டு வைங்க."

பஸ்ஸில் நான் வழியெல்லாம் அழுதேன். துப்பாக்கி போன துக்கத்தைவிட அம்மா மேல் கோபம்தான் அதிகம். ஒரே ஒரு வரி. அதை எழுதினால் என்ன என்று கேட்டுக் கேட்டு அவளைப் பிடுங்கினேன். அம்மா வெளியே பார்த்தபடி, "தகரம் வச்சுத் தட்டுவோம். பன்னி போயிரும்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். ரைபிள், துரை, வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பத்தாக அளந்தேன். அப்படியானால் துப்பாக்கி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது.

"எங்கம்மாவுக்குச் சுடத்தான் தெரியும்" என்றேன். "ஒரு வரி எழுதச் சொன்னாங்க. எழுதத் தெரியல."