பன் மாமா வெறுங்கையோடு வந்த நாள்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘பன் மாமா’ என்று பெயர். பேக்கரி வேன் ஓட்டுகிறார். விடியும் முன்பே கிளம்பி, கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, விற்காமல் மிஞ்சியதைத் திரும்ப ஏற்றி வருவார். அதில் ஒரு பை எங்கள் வீட்டுக்கு. கிரீம் பன், ஜாம் ரொட்டி, ஓரம் நசுங்கிய கேக்.

அவருடைய அப்பா வேலை கிடைக்காத நாட்களில் வெறுங்கையோடு வந்து, உள்ளே நுழையக் கூசி வாசலிலேயே நிற்பாராம். “என் பிள்ளை அந்த மாதிரி ஒரு மூஞ்சியப் பார்க்கக் கூடாது” என்பார் இவர்.

எங்கள் மகள் வளர வளர எடையும் கூடிக்கொண்டே போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் வயிற்றுவலி என்று ஒதுங்கிக்கொண்டாள். கிளினிக்குக்குப் போனால் அறிவுரையெல்லாம் எனக்குத்தான். எண்ணெயைக் குறைத்தேன், காய்கறியைக் கூட்டினேன். பகலெல்லாம் நான் கட்டியதைச் சாயங்காலம் அந்தப் பை வந்து இடித்துவிடும். அவரிடம் சொன்னால், “வளர்ற பிள்ளை, தின்னுட்டுப் போகட்டும் விடு” என்பார்.

பிறகு கிளினிக்குக்குப் புதிதாக ஒரு நர்ஸம்மா வந்தார். என்னையும் மகளையும் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இவளோட அப்பா எங்க?”

“வேலைக்குப் போயிருக்காருங்க.”

“அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. நீங்க ஒருத்தரே எவ்வளவுதான் இழுப்பீங்க?”

இத்தனை நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த தடவை, திட்டு வாங்கத் தயாராகி, வேன் சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் இவர். நர்ஸம்மா திட்டவே இல்லை. மகளிடம் மட்டும், “நீயும் அப்பாவும் சேர்ந்து என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டார்.

மகள் யோசித்தாள். “அப்பா வந்ததும் பையை வாங்கிப்பேன்” என்றாள். வேறெதுவும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

இவர் முகம் சுருங்கிப்போனது. மறுநாள் வெறுங்கையோடு வந்தார். மகள் அவர் கைகளைப் பார்த்தாள், அறைக்குள் போய்விட்டாள். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். நாளைக்கே பை வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, நர்ஸம்மா சொன்ன ஒரு சேதியோடு வந்தார். பொது நீச்சல் குளத்தில் ஞாயிறு காலையில் அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பாம்.

“உங்களுக்கு நீச்சல் தெரியாதேங்க?”

“தண்ணிக்கு அது தெரியவா போகுது?”

முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். மகள் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அழுதாள். எல்லோரும் பார்ப்பார்களாம். நான் கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. அப்போது வெளியிலிருந்து இவர் குரல் கணீரென்று கேட்டது.

“கண்ணு, இங்க எல்லாரும் என் தொப்பையைத்தான் பார்த்துட்டு இருக்காங்க. உன்னைப் பார்க்க யாருக்கும் நேரமில்ல. தைரியமா வா!”

எட்டிப் பார்த்தேன். அரைக்கால் சட்டையும் இறுக்கமான ரப்பர் தொப்பியுமாக, குளக்கரையின் நட்ட நடுவில், எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். வீட்டு வாசலில்கூட மேல்சட்டை இல்லாமல் நிற்காத மனுஷன்! மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடியே தண்ணீரில் இறங்கினாள்.

அவளுக்குச் சீக்கிரமே மிதக்க வந்துவிட்டது. இவர்தான் குளத்தோரக் கைப்பிடிக் கம்பியை விட மாட்டார். “பயப்படாதப்பா, நான் பிடிச்சிருக்கேன்ல” என்று அவள் இவர் முதுகுக்கு அடியில் கை கொடுப்பாளாம். வீடு திரும்பியதும் அப்பா குடித்த தண்ணீரின் கணக்கை என்னிடம் நடித்துக் காட்டுவாள்.

ஒரே மாதத்தில் அவள் ஒல்லியாகிவிடவில்லை. இடையில் போக மாட்டேன் என்று அடம்பிடித்த வாரங்களும், மிஞ்சிய பன்னைப் பார்த்து இவர் மனசு தடுமாறிய நாட்களும் உண்டு. ஆனால் அடுத்த வருடம் நர்ஸம்மா அளந்து பார்த்துவிட்டு, “உயரம்தான் ஏறியிருக்கு, எடை அப்படியே நிக்குது. இதுதான் வேணும்” என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற சொல் அப்போது போதவில்லை.

இப்போது சாயங்காலமானால் அப்பாவும் மகளும் நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கூப்பிடுவதுகூட இல்லை. தெருமுனை திரும்பும் வரை அவர்கள் வழக்கடிக்கும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் வீடு முழுக்க அமைதி. காலை நீட்டி உட்கார்ந்து, ஆறிப்போகாத டீயை நான் குடிக்கிறேன்.