ரங்கூன் கடிதத்துக்கு நான் எழுதிய பதில்

யுத்தம் முடிந்த மறு வருஷம் விமானப்படை என்னை வீட்டுக்கு அனுப்பியது. தூத்துக்குடியில் ஒரு விமானிக்கு என்ன வேலை இருக்கிறது? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாகச் சும்மா திரிந்தேன். ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. பர்மா மலைகளுக்கு மேல் பறந்து பட்டாளத்துக்கு அரிசி மூட்டை போட்டவன் என்று அப்பா கடை கடையாகச் சொல்லி வைத்திருந்தார்.

நான்கு மாதம் கழித்து ரங்கூனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யுத்தத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். அங்கே புதிதாக ஒரு விமானக் கம்பெனி தொடங்குகிறார்களாம். பயணிகள் விமானம், இரண்டாவது விமானி உத்தியோகம். வீடு தருவார்கள், மனைவியையும் கூட்டி வரலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும்.

அப்பா பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் எடை போடும் குமாஸ்தா. கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏலே, நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது மூட்டைய விட்டு மேல போனான்னு இருக்கட்டும். கெளம்பு" என்றார்.

மனைவியின் வீட்டில் அப்படி இல்லை. அவளுடைய அண்ணன் ரங்கூனில் ஜவுளிக்கடையில் இருந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மற்றவர்களோடு காட்டு வழியாக ஊருக்கு நடந்தான். வந்து சேரவில்லை. ஓர் ஆற்றங்கரையில் பேதி கண்டு படுத்துவிட்டான் என்று கூட நடந்தவர்கள் சொன்னார்கள். கடிதச் செய்தி தெரிந்ததும் என் மாமியார் வந்து அழுதார்கள். "அங்கன போன ஒருத்தன் போதாதா மாப்ள?"

அந்த அழுகை எனக்கு உதவியாக இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. யுத்தத்தின் கடைசி மழைக்காலத்தில் எங்களுக்கு முன்னால் பறந்த விமானம் மேகத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. நாங்கள் தாழ இறங்கியபோது மலைச்சரிவில் புகை தெரிந்தது. அன்றிலிருந்து சக்கரம் தரையை விட்டு எழும்பும்போதெல்லாம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. படையிலிருந்து அனுப்பியபோது அப்பாடா என்றுதான் இருந்தது.

ஒரு சாயங்காலம் கடற்கரையில் மனைவி கேட்டாள்: "நீங்க என்ன நெனைக்கிய?"

"ஒங்க அம்மா அழுததப் பாத்த பெறவு எப்படிப் போக? நீயும் தாங்க மாட்டே."

"நான் தாங்க மாட்டேன்னு யாரு சொன்னா? எனக்குப் போவணும்னுதான் இருக்கு. அண்ணன் இருந்த கடையையாவது ஒரு நாள் பாத்துருவேன்லா."

பார்க்கலாம் என்று சொன்னேன். மறுநாள் காலையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். 'என் மனைவி சம்மதிக்கவில்லை. வருந்துகிறேன்.' தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மத்தியானம் அவள் கொண்டுவந்த தண்ணீரை மட்டும் வாங்க மறுத்தார்.

இரண்டு நாள் கழித்து, நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"நான் சம்மதிக்கலன்னு மாமாகிட்ட சொன்னியளாமே?"

நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லியிருக்கலாம். நீங்க தூக்கத்துல அலறுததக் கேட்டுக்கிட்டுத்தானே பக்கத்துல கெடக்கேன். என்னய எதுக்கு நடுவுல இழுத்திய? மாமாகிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் சொல்லவில்லை. அந்த வருஷமும் சொல்லவில்லை. துறைமுகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தோணியில் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலை. 'பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வானத்திலிருந்து இறங்கினவன்' என்று அங்கே என்னைக் கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கஞ்சி புகட்டியது, துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் அவள்தான். ஒரு நாள் காலையில் கரண்டியை வாயிலிருந்து தள்ளிவிட்டு, குழறிக் குழறிச் சொன்னார்: "ஏளா, நீ மட்டும் அன்னைக்கு அவன விட்டிருந்தா..."

அவள் துண்டால் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். 'பயந்தது நான்தான்' என்று இரண்டு வார்த்தை போதும். துறைமுகத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, நானாகவே அவளிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றாள். "இனி யாருகிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது?"

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.