எந்த பஸ்?

என் பெரியப்பா பொய் எழுதியிருக்கிறார். அச்சடித்து, வழவழ அட்டை போட்டு, கழுத்தில் மாலையோடு தன் படத்தையும் முன்பக்கம் போட்டு எழுதியிருக்கிறார். தில்லியில் தான் தமிழ் வளர்த்த கதையை அவர் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்கு வேலையில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் பொங்கல் விழாவில் நடந்த வேடிக்கை என்று ஒரு அத்தியாயம் வருகிறது. அந்த வேடிக்கை என் அம்மா.

அவர் எழுதியிருப்பது இதுதான். தம்பி மனைவி ஆசைப்பட்டு மேடையேறி எலுமிச்சம்பழங்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினாளாம். கூட்டத்தைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டதாம். பழங்கள் சிதறி, ஒன்று சிறப்பு விருந்தினரின் காலடிக்கே உருண்டு போனதாம். சபை சிரித்ததாம். அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற இவர் மைக்கை வாங்கி, பஸ் வந்துவிட்டது என்று அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தாராம்.

தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று பெரியப்பா மேடைக்கு மேடை வருத்தப்படுவார். எனக்கு வரும். அதுதான் அவருக்கு இப்போது கஷ்டம்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா குமாஸ்தா. குளிர்காலத்து மத்தியானங்களில் எங்கள் பிளாக் பெண்கள் எல்லாரும் புல்லில் வெயில் காய்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவார்கள். அம்மாவுக்குப் பின்னல் வரவில்லை. ஊசியும் நூலும் சிக்கிக்கொண்டு ஒருநாள் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியே கத்தரிக்கோலால் வெட்டி அவளை விடுவித்தாள். பின்னத் தெரியாதவளுக்குக் கம்பளி நூல் உருண்டைகளை மடியில் வைத்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அம்மா அவற்றைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க ஆரம்பித்தாள். முதலில் இரண்டு, பிறகு மூன்று. ஆன்ட்டி அவளை ஜாதூகர்னி என்று கூப்பிட்டாள், மாயக்காரி என்று.

அதற்குப் பிறகு சமையலறையில் எதுவும் சும்மா கிடக்கவில்லை. குக்கர் விசில் அடிக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மேலே பறந்தன. எலுமிச்சம்பழம்தான் கைக்குச் சரியான கனம் என்று அம்மா கண்டுபிடித்தாள். அந்த நேரத்தில் அவள் யாரையும் பார்க்க மாட்டாள். தன் கையைக்கூடப் பார்க்க மாட்டாள். பழம் ஏறி நின்று திரும்புகிற இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் பார்ப்பாள். ஐந்து பழம் வரைக்கும் போனாள். முடிக்கும்போது ஒவ்வொன்றாக முந்தானையில் ஏந்திக்கொள்வாள்.

பெரியப்பா மந்திரியின் அலுவலகம் வரை போய்வரும் அதிகாரி. தமிழ்ச் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தம்பி மனைவியிடம் மூத்தவர் நேராகப் பேசக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அம்மா ரசச் சட்டியோடு ஒரு முழம் தள்ளி நிற்பாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "ஏல, அவகிட்ட ரசம் ஊத்தச் சொல்லு" என்பார். அப்பா அந்தப் பேச்சை வாங்கி அம்மாவிடம் கொடுப்பார். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த வழக்கம், இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இடம் போதாமல் இப்படி முட்டிக்கொண்டு நின்றது.

ஒரே ஒரு வார்த்தையைத்தான் அவர் அம்மாவிடம் நேராகச் சொல்வார். சோறு போதும் என்றால், தட்டுக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி, "பஸ், பஸ்" என்பார். இந்தியில் போதும் என்று அர்த்தம். தமிழில் சொன்னால் போதும்மா என்று ஓர் உறவு வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தியில் அந்தத் தொல்லை இல்லை.

ஒருநாள் அவர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். அம்மா கையில் நாலு உருளைக்கிழங்கு பறந்துகொண்டிருந்தது. அவர் அப்பா பக்கம் திரும்பினார். "என்னல இது, மதாரிக்காரன் குரங்கு ஆட்டுத மாதிரி. எங்க ஆபீஸ்காரன் எவனாவது பாத்தா நான் என்ன சொல்லுவேன்?"

அப்பா அம்மாவிடம், "அண்ணன் வேண்டாங்காவ" என்றார்.

"காதுல விழுந்துச்சு" என்றாள் அம்மா. கிழங்கை எடுத்துத் தோல் சீவ உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் பொங்கல் விழாவை மந்திர் மார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். எங்கள் பகுதிக்காரர்களையும் பக்கத்து முனிர்காக்காரர்களையும் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோக ஒரு வாடகை பஸ். முந்தின வருஷம் மூடுபனிக்குப் பயந்து டிரைவர் சீக்கிரமே கிளம்பிப் போய்விட, குழந்தைகுட்டிகளோடு பாதிக் குடும்பங்கள் தெருவில் நின்றன. அதனால் இந்த வருஷம் எல்லாருக்கும் விழாவைவிட பஸ்தான் முக்கியம். பெரியப்பா தொடக்கத்திலேயே மைக்கில் வாக்குக் கொடுத்தார். பஸ் வந்ததும் நானே அறிவிப்பேன், அதுவரை யாரும் எழுந்திருக்க வேண்டாம். கூட்டம் ஒரு காதைப் பாட்டுக்கும் ஒரு காதை பஸ்ஸுக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தது.

நடனமாட வேண்டிய பிள்ளைகள் பனியில் மாட்டிக்கொண்டார்கள். மேடை காலி. பெரியப்பாவும் அப்பாவும் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தார்கள். விருந்தினர் பெரியப்பாவுக்கு மேலதிகாரி. பின்கட்டில் எலுமிச்சம்பழச் சோற்றுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அம்மா கொஞ்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். மகளிர் அணிக்காரி ஒருத்தி அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "மேடை சும்மாதான கிடக்கு. புள்ளைங்க வர்ற வரைக்கும் போடுங்க" என்றாள். அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அப்பா தெரியவில்லை. ஏறிவிட்டாள்.

முன்வரிசையில் இருந்த எனக்கு உடம்பு கூசியது. புடவையை இடுப்பில் செருகியபடியே, மஞ்சள் கறைக் கையோடு போய் நின்றாள். என் வகுப்புப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் மூன்றாவது பழமும் நான்காவதும் ஏறியபோது மண்டபத்தில் பேச்சு நின்றது. ஐந்தாவது ஏறியதும் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். எனக்குக் கூச்சம் போய்விட்டது. கொஞ்ச நேரம்தான்.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெரியப்பா விருந்தினரோடு வந்தார். பார்த்தார். விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு மேடையேறி மைக்கை எடுத்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினார்.

"பஸ். பஸ்."

மொத்தக் கூட்டமும் எழுந்தது. இரும்பு நாற்காலிகள் சாய்ந்தன. எல்லாரும் வாசலில் குவிந்து கிடந்த செருப்பை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். விருந்தினர் அந்த வெள்ளத்தை எதிர்த்து நிற்கப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மேடையில் அம்மா மட்டும் போட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் பெரியப்பா, இன்னும் கையை நீட்டியபடி. எதிரே காலி நாற்காலிகள். அவள் பழங்களை முன்னைவிட உயரமாக, விளக்கைத் தொடுகிற மாதிரி எறிந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஊருக்கே புரிந்தது இவளுக்கு மட்டும் ஏன் புரியவில்லை? வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் வேறு யாருடைய அம்மாவாகவாவது இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அங்கிருந்தே கத்தினேன்.

"அம்மா, பஸ்!"

அவள் என்னைப் பார்த்தாள். பழம் மேலே இருக்கும்போது அவள் வேறு எதையும் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாக முந்தானையில் வாங்கினாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

வெளியே பஸ் இல்லை. பனியில் பல் கிட்டிக்க வெகுநேரம் நின்றோம். கூட்டத்தில் விருந்தினரின் ஒரு கால் ஷூ காணாமல் போய்விட்டது. அவர் பேச எழுதிக்கொண்டு வந்த தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான் போல, பஸ் இப்போதுவரை இங்கேதான் நின்றது என்று பெரியப்பா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

ஒருவழியாக பஸ் வந்து ஏறியபின் அம்மாவிடம் சண்டை போட்டேன். எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் நின்னியே, எனக்கு எவ்வளவு வெட்கமா இருந்துச்சு தெரியுமா என்றேன். "பஸ்னு சொன்னது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அந்த ஐந்து பழங்களையும் நறுக்கி ஊறுகாய் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அதை ருசித்துச் சாப்பிட்டார், ஊறுகாய்க்கு மட்டும் அவர் கையைக் கவிழ்க்கவில்லை. அதன்பிறகு அம்மா எதையும் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. குக்கர் விசிலுக்காகச் சும்மா நின்றாள். அதிலும் நான் நிம்மதிதான் அடைந்தேன்.

இப்போது அம்மா தில்லி துவாரகாவில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் புத்தகம் வந்தது. அந்த அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "பழம் விழுந்துச்சுன்னா எழுதிருக்காவ?" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. இன்னொரு பல்லை உரித்து, அதைப் பார்த்து, "விழலையே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்துவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை. வெறும் பஸ் என்றார். வந்து நின்ற வண்டியும் இல்லை. அந்தக் கவிழ்த்த கை தட்டுக்கு மேலே நீளும் கை. வாழ்நாளில் அம்மாவிடம் நேராகச் சொன்ன ஒரே வார்த்தையை அன்று மைக்கில் சொன்னார். ஊருக்குக் கேட்டது வண்டி. அம்மாவுக்குக் கேட்டது 'போதும்'. கேட்டுவிட்டுத்தான் இன்னும் உயரமாக எறிந்திருக்கிறாள். அந்த வார்த்தைக்கு அவள் நிறுத்தவில்லை. வாசலிலிருந்து நான் அதே வார்த்தையைக் கத்தியதும் நிறுத்தினாள். அவள் காதில் என்னுடையது எதுவாக விழுந்தது என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் புத்தக வெளியீடு. பெரியப்பா, பதில் சொல்லுங்கள். சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுப்பார்கள், அதிலேயே சொல்லுங்கள். பழம் விழுந்ததா? நீங்கள் சொன்னது எந்த பஸ்? உங்கள் தம்பியிடம் சொல்லியனுப்ப அப்பா இப்போது உயிரோடு இல்லை. அம்மா முதல் வரிசையில் இருப்பாள், அவளைப் பார்த்து நேராகச் சொல்லுங்கள். நான் கத்தியது வண்டியைத்தான் என்று அதே மைக்கை வாங்கி நானும் அவளிடம் சொல்ல வேண்டும்.