இரண்டு மணி நேர வாசனை

டோர்வலினாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மரவள்ளி மாவு வறுப்பதில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாய்த்துடுக்கிலும் அப்படித்தான். புருஷன் அடாவுத்தோ போன ஆகஸ்டில் செத்ததிலிருந்து அந்த வாய் அடங்கிவிட்டது.

மே மாதம் வெள்ளம் காட்டுக்குள் ஏறி நிற்கும். மரத்தண்டை ஒட்டிப் படர்ந்த தட்டைக் கள்ளி தண்ணீருக்குச் சற்று மேலே மொட்டு விட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் அடாவுத்தோ அவளைப் படகில் அங்கே கூட்டிப்போவான். இருபத்தாறு வருஷம் தவறவில்லை. பொழுது சாயச் சாயப் பூ வெள்ளைவெளேரென்று விரியும், வாசனை ஆளைத் தூக்கும். ஆனால் இரண்டு மணி நேரம் போனால் அதே பூ நாற ஆரம்பித்துவிடும். அதற்குள் அடாவுத்தோ துடுப்பை எடுத்துவிடுவான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருய்யா" என்று அவள் கெஞ்சுவாள்.

"நல்லா இருக்கும்போதே கிளம்பிடணும்டி" என்பான். பெரிய ஞானிதான், போங்கள்!

கடைசி இரண்டு மாதம் அவன் காலில் புண் புரையோடி நாறியது. அவள் அருகில் வந்தாலே, தூளிப் படுக்கையில் கிடந்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். "வெளிய போடி. இந்த நாத்தத்துல உனக்கென்ன வேலை?" கடைசி நாளும் அதையேதான் சொன்னான். ஊரில் ஒருவர் பேச்சையும் கேட்காதவள் அன்று அவன் பேச்சைக் கேட்டாள். துறையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் தனியாகப் போய்ச் சேர்ந்தான். கூடவே இருந்திருக்கலாமே என்று அவள் ஏங்காத நாளில்லை.

இந்த வருஷம் கொழுந்தன் ஜெரோன்சியோ படகு ஓட்டினான்.

"அண்ணி, மூக்கை மொட்டுக்குள்ளயே விட்டுடாதீங்க. முள்ளு குத்தும்."

"என் மூக்கு, குத்தினா குத்தட்டும். நீ படகை ஒழுங்காப் பிடி."

அவன் சிரித்துவிட்டான். அண்ணி இப்படிப் பேசி எத்தனை மாதமாயிற்று!

பூ விரிந்தது. நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி ஒன்று வந்து தேனைக் குடித்துவிட்டுப் போனது. பழைய வாசனைதான், ஒரு மாற்றமும் இல்லை. அடாவுத்தோ உட்காரும் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

இருட்டி வெகுநேரம் ஆனதும் ஜெரோன்சியோ மூக்கைப் பொத்திக்கொண்டான். "ஆரம்பிச்சுடுச்சு அண்ணி, கிளம்பலாம். அண்ணன் இருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சிருப்பாரு."

"உங்க அண்ணன் போவாரு. நான் வரல."

"விடியறவரைக்குமா? பசிக்குது அண்ணி."

"பையில மாவும் மீனும் இருக்கு. தின்னுட்டுப் படு."

அவன் முணுமுணுத்தபடி தின்றான், படகின் மறுமுனையில் சுருண்டு தூங்கியும் போனான். நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவள் அதை முகர்ந்தாள். ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் நெருங்கி, மரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்காதய்யா" என்றாள். "நாறினா நாறட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

விடிந்து பூ வாடித் தொங்கும்வரை அடாவுத்தோவோடு பேசிக்கொண்டே இருந்தாள்.