கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவன்

வீடியோ கேமை வைத்து எழுதிய சிறுவர் கதை ஒன்றை என் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். விளையாடுவதற்காகச் செய்ததை எதற்குக் கதையாக்குகிறார்கள்? ஆனால் "அவன் பள்ளத்தைத் தாண்டினான்" என்று அவள் படித்ததும், ஓசூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட். பகலில் டிவிக்குப் பக்கத்திலேயே, கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். அந்தத் துண்டில் மெஷின் ஆயில் நாறும். அவர் தூக்கம் கலைந்தால் டிவி கேம் பரணுக்குப் போய்விடும். அதனால் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு நான் விளையாடுவேன். திரையில் ஓடுகிறவனைப் பற்றி அக்கா என் காதோரம் கதை சொல்லுவாள்.

"பேரிகை ஊர்ல கம்பெனி பஸ்ஸ விட்டுட்டான்டா. ஓசூருக்கு ஓடறான். கம்பெனி கேட்டு சாத்தறதுக்குள்ள போவணும்."

எதிரே வரும் பூதமெல்லாம் அவளுக்குச் சூப்பர்வைசர்கள்.

ஒருநாள் கடைசிப் பள்ளத்தில் அவன் விழுந்துவிட்டான். நான் கத்திவிட்டேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். அப்பா துண்டை எடுக்கவேயில்லை.

"எத்தன நாளுடா ஓடுவான் அவன்? அரை நாள் லீவு போட்டுட்டு மெதுவா போவச் சொல்லு" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார். கேம் பரணுக்குப் போகவில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள்.

"கோட்டையப் புடிச்சிட்டான்பா."

"எங்க ஆளு லீவு போட்டுட்டான்" என்றேன்.

"அது எந்த புக்குல?" என்று கேட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.