வரதன் மகனுக்கு எத்தனை மாதம்?

எங்கள் மானாம்பதியில் வரதனோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் கிடையாது. வரப்புத் தகராறில் சர்வேயரையே அழவிட்ட மகாராசன். பெற்ற பிள்ளை விஷயத்திலும் அதே புத்திதான்.

பிள்ளை நாள் நிறைவதற்கு இரண்டு மாதம் முன்பே பிறந்துவிட்டான். குறைமாதப் பிள்ளைகளின் கைகால் அசைவைச் சோதிக்க ஊர் ஊராக வரும் பிரிஸ்கில்லா, அவனைப் பாயில் படுக்கப் போட்டு, முகத்துக்கு நேரே சிவப்புப் பந்தை ஆட்டினாள். அவன் கையைத் தூக்கவில்லை. கொட்டாவி விட்டான்.

"ஆறு மாசத்துப் புள்ளைக்குப் பந்து இன்னாத்துக்கு? ஒக்காருவான் பாரு" என்று வரதன் அவனைத் தூக்கி நெல் மூட்டையில் சாய்த்து உட்காரவைத்தான். பிள்ளை சரிந்து மூட்டையை நக்கினான். வரதன் மனைவி கனகா ஓடிவந்து அவனை மறுபடி பாயில் போட்டாள்.

"அண்ணா, முன்னாடி பொறந்த ரெண்டு மாசத்தக் கழிச்சிதான் வயசு பாக்கணும். இவன் நாலு மாசத்துப் புள்ள கணக்கு. கை நீட்டினா போதும்" என்றாள் பிரிஸ்கில்லா.

"எம்புள்ளைக்குக் கிரேஸ் மார்க் வேணாம்மா. ஆறுன்னா ஆறுதான்."

ஆறு என்றால் பிள்ளை தேறமாட்டான். மந்தம் என்று ஊர் பேர் வைத்துவிடும். கனகாவுக்கு அந்தப் பயம்தான்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு முத்துவேல் வழி சொன்னான். "குடவோலை போட்ட உத்திரமேரூரு பக்கத்துலயே கீது. ஓட்டுக்கு வுடுய்யா."

நாலு மாதம் என்பவர்கள் கை தூக்க வேண்டுமாம். பிள்ளையின் வயதுக்கு ஓட்டு! தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? தெருவே கூடி நின்றும் ஒருவரும் கை தூக்கவில்லை. வரதனின் பகை யாருக்கு வேண்டும்?

கனகாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டு மாசம் அவன் என் வவுத்துல இருக்க வேண்டியவன்யா. ஆஸ்பத்திரில என் நெஞ்சு மேலயே கெடந்தான். மூச்சு வுடுறானான்னு பாத்துக்கினே இருந்தேன். அதைப் போயி வயசுல சேக்குறியே" என்று கையைத் தூக்கினாள். வளையல்கள் குலுங்கின.

பிள்ளை திரும்பினான். வளையலையே பார்த்தான். சின்னக் கை மெல்ல மேலே எழுந்தது.

"ரெண்டு ஓட்டு" என்றான் முத்துவேல்.

"மைனர் ஓட்டு செல்லாது" என்றான் வரதன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரிஸ்கில்லா பக்கம் திரும்பினான்.

"வேணும்னா இன்னும் ஒரு மாசம் சேத்துக் கழிச்சிக்கோம்மா."