குடைக்கம்பியில் பின்னிய ஸ்வெட்டர்

விழுப்புரத்தில் குளிரால் செத்தவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. புழுக்கத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு, வெயிலில் சுருண்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸில், என்னைப் பெற்ற அப்பா கம்பளி நூலும் கையுமாக உட்கார்ந்து ஒரு வருஷம் முழுக்கப் பின்னித் தள்ளினார். பின்னியதை யார் போட்டுக்கொள்வது? நாங்கள்தான். இப்போது நினைத்தாலும் எனக்குக் கழுத்து அரிக்கிறது.

யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது. அப்பா ஜங்ஷனில் பார்சல் கிளார்க். அந்த வருஷம் ஆனி மாதம் வயிற்றுவலி என்று திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா, சும்மா படுத்திருந்த மனுஷனிடம் இரண்டு நீள ஊசியையும் ஒரு நூலுண்டையையும் கொடுத்துப் பழக்கிவிட்டுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த அம்மாள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், என் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று நான் அப்போது நினைத்தேன்.

ஆடியில் எனக்கு ஒரு மப்ளர் வந்தது. தீபாவளிக்குத் தம்பிக்குக் காதை மூடுகிற குல்லா. அவனுக்கு இரண்டு வயது. குல்லாவைப் போட்டதும் உலகமே முடிந்துவிட்டதுபோல் கத்துவான். பொங்கலுக்குத் தண்ணீர்க் கூஜாவுக்கு ஒரு சட்டை. நடுவில் மார்கழியில் அம்மாவுக்குக் காலுறை. அம்மா காலில் மெட்டி இருக்கிறது, காலுறை எப்படி ஏறும்? இரண்டு நாள் யோசித்து, மெட்டி விரலுக்கு மட்டும் தனியாக ஒரு ஓட்டை விட்டுப் புதிதாகப் பின்னிக் கொடுத்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சோற்றில் ஒரு கல் கிடந்தால் ஊரைக் கூட்டுகிற என் அம்மா, இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை நூல் பிரிக்கிற வேலை. சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர்கள் வீடுகளில் கழித்துப்போட்ட பழைய ஸ்வெட்டர்களை அப்பா வாங்கி வருவார். அதைப் பிரித்துச் சுற்ற இரண்டு கை வேண்டும், அவை என்னுடையவை. வெளியே பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிற சத்தம் கேட்கும். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

"கைய ஆட்டாத பாப்பா, ஜல்தியா முடிச்சுடலாம்" என்பார். அவருடைய ஜல்தி விளக்கு வைக்கிற வரைக்கும் போகும்.

அதற்கு முன்னால் எங்கள் அப்பா இப்படி இல்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் புதுச்சேரி வண்டியில் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எந்நேரமோ திரும்புவார். சில நாள் இரண்டு போர்ட்டர்கள் தோள்கொடுத்துக் கூட்டி வருவார்கள், கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொல்வாள். ஆனால் கோட்டுப் பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் தவறாமல் இருக்கும். பிரெஞ்சுக்காரன் கடை பிஸ்கட். வாயில் வைத்தால் கரையும். ஊசி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து புதுச்சேரியும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அங்கே பிஸ்கட் மட்டுமா விற்றார்கள் என்று எனக்குத் தெரிய இன்னும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

வைகாசியில் சின்ன அத்தைக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. பெண்ணுக்கு மூத்த அண்ணன் என்பதால் எங்கள் அப்பாதான் முன்னால் நிற்க வேண்டும். ஊரில் ஆளாளுக்கு அம்மாவிடம் வந்து, "இந்த வாட்டியாவது பாத்துக்கோம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய அத்தை கல்யாணத்தில் அப்பா பந்தல் காலைக் கட்டிக்கொண்டு அழுது, பந்தலோடு மாப்பிள்ளை வீட்டார் தலையில் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அது சிரிப்புக் கதை. அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

எனக்கு அதைப் பற்றி என்ன கவலை? என் கவலை பச்சைப் பட்டுப் பாவாடை. மாமா எடுத்துக் கொடுத்தது, ஒரு தடவைகூடக் கட்டவில்லை. அதற்கு மேலே போட என்று அப்பா சிவப்புக் கம்பளியில் ஒரு முழுக்கை ஸ்வெட்டர் தொடங்கியிருந்தார். கத்திரி வெயிலில்! கல்யாணப் பந்தலில்! அத்தனை பிள்ளைகள் முன்னால்! அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "அவரு ஆசையா செய்றாரு, போட்டுக்கினு போடி" என்று அம்மா முடித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. ஒரு கை மட்டும் பாக்கி. அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து, பாதி பின்னிய கையிலிருந்து இரண்டு ஊசியையும் உருவி, கேப்பை வைத்திருந்த பானைக்குள் அடி வரைக்கும் சொருகிவிட்டேன். கண்ணி கண்ணியாக நூல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்பா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். என்னைக் கேட்டார், தெரியாது என்றேன். தம்பி கழிவுநீர்க் கால்வாயில் போட்டிருப்பான் என்று அம்மா சொன்னாள். வேறு ஊசிக்கு மதராஸுக்குத்தான் போக வேண்டும். முதல் நாள் வாசலில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். இரண்டாம் நாள் காபி டம்ளரை எடுக்கும்போது காபி சட்டையெல்லாம் சிந்தியது. அம்மா அவர் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது. ஒரு ஊசி போனதற்கு இத்தனை பேஜாரா?

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தலையை வாரிக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினார்.

"ஸ்டேஷன் வரிக்கும் காத்தாட போய்ட்டு வர்றேன்" என்றார். ஸ்டேஷனிலிருந்து வந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டரும் தொலைந்தது, புதுச்சேரி வண்டியும் வந்தது! "அப்பா, புதுச்சேரிக்கா? பிஸ்கட்டு வாங்கிக்கினு வாங்கப்பா!" என்று குதித்தேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அவளுடைய பிறந்த வீட்டுச் சீராக வந்த குடை ஒன்று ஆணியில் தொங்கும். கொட்டுகிற மழையிலும் வெளியே எடுக்க மாட்டாள், நனைந்துவிடுமாம். அந்தக் குடையை இழுத்து, அரிவாள்மணையில் வைத்துத் துணியைக் கிழித்து, இரண்டு கம்பியை முறுக்கிப் பிடுங்கினாள். துணி துவைக்கிற கல்லில் முனைகளை அப்படித் தேய்த்தாள். விரலில் ரத்தம் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. வாசல்படி இறங்கிவிட்டவர் முன்னால் போய் நின்று கம்பியை நீட்டினாள்.

"இந்தாங்க. இதுல ஆவுமா பாருங்க."

தூரத்தில் வண்டி கூவியது. அப்பா கம்பியைப் பார்த்தார், அம்மாவின் விரலைப் பார்த்தார். நான் மனசுக்குள் வண்டி போய்விடும், வண்டி போய்விடும் என்று தவித்தேன். அவர் மெல்லப் படியேறி வந்து, கோட்டோடு உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கண்ணி கம்பியில் ஏறாமல் நழுவி நழுவிப் போனது. அம்மா எதிரில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணி, இன்னொரு கண்ணி. புதுச்சேரி வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடகடவென்று போயே போய்விட்டது.

கல்யாணத்தன்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். குடைக்கம்பி சன்னம் என்பதால் அந்தக் கை மட்டும் இறுகிப்போய், என்னால் தோளுக்குமேல் தூக்கவே முடியவில்லை. அட்சதையை இடக்கையால் போட்டு ஒரு கிழவியிடம் திட்டு வாங்கினேன். பந்தலுக்குப் பின்பக்கமிருந்து உறவுக்காரர்கள் இரண்டு பேர் அப்பாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவர் குடைக்கம்பியைத் தூக்கிக் காட்டி, "கை வேலையா கீதுப்பா" என்றார். மாப்பிள்ளைக்கு மப்ளர் பின்னிக்கொண்டிருந்தார். பந்தலே சிரித்தது. நான் வெட்கத்தில் செத்தேன். அம்மா அந்த வெயிலில் மெட்டி வெளியே தெரியக் காலுறை போட்டுக்கொண்டு, பட்டத்து ராணி மாதிரி எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பிய பிறகு அம்மா களி கிளற கேப்பைப் பானையில் கையை விட்டாள். ஊசி வந்தது. முதுகில் ஒன்று வைப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஊசியைப் புடவையில் துடைத்தாள்.

"அவரு கை சும்மா இருக்கக் கூடாதுடி" என்றாள். அதே புடவையில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அம்மா எதற்காக அழுகிறாள் என்று பார்த்தேன். பிறகு என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். சும்மாதான் இருந்தன. சும்மா இருக்கிற கையைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. குடையும் போச்சு, பிஸ்கட்டும் போச்சு என்று அவள்மேல் கோபத்தோடு பாண்டி ஆடப் போய்விட்டேன்.